ஸ்வர்ணலதாவின் ஜப்பானியச் சாப்பாட்டுப் பட்டியல்

ஸ்வர்ணலதாவுக்கு நாற்பத்தொன்பது வயது. மீனைத் தொட்டதில்லை. முட்டையும் ஒரே ஒரு தரம், கேக்கில் இருப்பது தெரியாமல் தின்றதோடு சரி. கொச்சியில் நல்ல ஜப்பானிய உணவகம் எது எது என்று தேடிப் பட்டியல் போடும் வேலை அப்படிப்பட்ட அவள் தலையில்தான் வந்து விழுந்தது. அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

அந்த மொழியும் அவள் ஆசைப்பட்டுப் படித்ததல்ல. அவளுடைய அப்பா நீலகண்டன் தோப்பும்படியில் ஓர் இறால் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். காலையில் சந்தியாவந்தனம் முடித்து, மோர் சாதத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு, இறால் ஓடுகள் குவிந்து கிடக்கும் முற்றத்தைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்காருவார். ஜப்பானிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்கள் சொல்வது ஒருவருக்கும் புரிவதில்லை, அந்த மொழி தெரிந்த ஆளுக்கு என்றைக்கும் வேலை உண்டு என்று அவர் கண்டுகொண்டார். பத்தொன்பது வயது மகளைக் களமசேரியில் நடந்த வகுப்பில் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் அவள் பஸ் பிடித்துப் போய்ப் படித்தாள். சென்னையில் பரீட்சை எழுதினாள். அதே ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் ஐஸில் கிடக்கும் இறால்களுக்கு நடுவே நின்று, மூக்கை அடக்கிக்கொண்டு, அவர்கள் சொன்னதை இவர்களுக்கும் இவர்கள் சொன்னதை அவர்களுக்கும் சொன்னாள். பிறகு காக்கநாட்டில், ஜப்பான் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஆபீசுக்கு மாறினாள். மீன் வாசனை போயிற்று. அலைச்சல்தான் கூடிற்று, மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து தோப்பும்படி, வைட்டிலா வழியாகக் காக்கநாடு, திரும்ப அதே வழி என்று ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போனது.

ஹிராய் என்கிறவர் ஜூன் மாதத்து மழையில் வந்து இறங்கினார். அறுபது வயது. சூப் பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனியின் எஞ்சினியர். அந்த இயந்திரத்துக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்க்கப் பத்து மாதம் காக்கநாட்டில் தங்க வேண்டும். வந்தபோதே மெலிந்த மனிதர். ஓணம் முடிந்தபோது சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. அவருடைய குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கிற பெண், குப்பைக் கூடையில் வாழைப்பழத் தோலும் ரொட்டி உறையும் தவிர எதுவும் இருப்பதில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டாள். பின்னாலேயே ஜப்பானில் அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹிராய் ஒழுங்காகச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை, உங்கள் ஊரில் நல்ல ஜப்பானிய உணவகம் இல்லையா என்று வெகு மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்நேஹா ஸ்வர்ணலதாவின் மேஜைக்கு வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத சுறுசுறுப்பான பெண்.

"சேச்சி, ஒரு உபகாரம் செய்யணும். நல்ல ஜப்பான் ரெஸ்டாரன்டுகளோட லிஸ்ட் ஒண்ணு வேணும். நெட்ல பாத்து எழுதினா போறாது. ஹிராய் சாரைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைச்சு, அவர் அபிப்ராயம் கேட்டு எழுதணும். சனிக்கிழமை லஞ்ச். கார் ஆபீஸ் தரும்."

"நான் சைவமாக்கும், ஸ்நேஹா."

"சாப்பிடறது அவர்தானே, சேச்சி. நீங்க கேட்டா மட்டும் போறும்."

ஸ்வர்ணலதாவுக்கு மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் இல்லை. இறால் ஆபீசிலும் இருந்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் அதை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்வது மட்டுமே தன் வேலை என்று இருபத்தேழு வருஷம் இருந்துவிட்டவள். சரி என்றாள்.

முதல் சனிக்கிழமை இடப்பள்ளிப் பக்கம் ஒரு மாலுக்குப் போனார்கள். சோற்றுச் சுருளுக்குள் மாம்பழத்தை வைத்து மேலே மயோனைஸைக் கோலம் போட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஹிராய் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். இறால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு ஜப்பான்காரர் அப்படிச் சொன்னால் அந்தப் பெட்டி கப்பல் ஏறாது என்பது ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும். பட்டியலில் அந்த இடத்தை அடித்துவிட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை மரைன் டிரைவில் ஒரு பெரிய ஹோட்டல். மீனை ரோஜாப்பூ போல அடுக்கியிருந்தார்கள். சோறு மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து வந்தது போல விறைத்துக் கிடந்தது. மூன்றாவது வாரம் கோட்டைக் கொச்சியில் ஒரு சின்னக் காபிக் கடை. வயநாட்டு ஜீரகசாலா அரிசியில் செய்திருந்தார்கள். கிண்ணத்தைத் திறந்தால் கல்யாண வீட்டு பிரியாணி மணம். நான்காவது வாரம் மேப் காட்டிய இடத்துக்குப் போய் இறங்கினால் அங்கே ஹெல்மெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். உணவகம் மூடி ஆறு மாதம் ஆயிற்றாம். அன்று பெருமழை. ஒரு குடையில் இருவரும் நனைந்து நின்றபோது ஹிராய், "உங்களுக்கு மிகுந்த சிரமம் கொடுக்கிறேன்" என்று தலை குனிந்தார். அவளும் பதிலுக்குக் குனிந்தாள். முதுகு வலித்தது.

ஐந்தாவது வாரம் பனம்பிள்ளி நகரில் ஓர் இடம் பரவாயில்லை என்று தோன்றிற்று. ஆறாவது வாரம் காக்கநாட்டிலேயே ஒரு கடையில் உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொதிக்க வைத்து மேலே எள்ளைத் தூவிக் கொடுத்தார்கள். பாக்கெட் பிரிகிற சத்தம் சாப்பிடும் இடத்துக்கே கேட்டது. ஏழாவது வாரம் ஹிராய்க்கு ஆபீசில் வேலை வந்து, ஸ்வர்ணலதா தனியாகவே இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மீன் தின்னாதவள் எதை வைத்து முடிவு செய்தாள் என்றால், சோற்றை வைத்து. ஒவ்வோர் இடத்திலும் தனக்கு வெறும் வெள்ளைச் சாதமும், இருந்தால் வெள்ளரிக்காய்ச் சுருளும் கேட்பாள். சோற்றை இரண்டு விரலால் எடுத்து அழுத்திப் பார்ப்பாள். ஒட்ட வேண்டும், குழையக் கூடாது. வாயில் போட்டால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சூடு உள்ளங்கைச் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் இருந்த ஜப்பானிய வாத்தியாரம்மா ஒரு நாள் சமைத்துக் கொடுத்ததும், வீட்டில் தயிர் சாதத்துக்கு முப்பது வருஷம் சாதம் வடித்ததுமாகச் சேர்ந்து கைக்கு வந்த பழக்கம். மீனைப் பற்றி ஹிராயிடம் கேட்பாள். அவர் மாலுக்குப் பிறகு போன எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, "நன்றாக இருக்கிறது, நன்றி" என்பார். அதையும் எழுதிக்கொள்வாள்.

எட்டாவது சனிக்கிழமை காலை அவளால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. கைகால் தூக்கவில்லை, அவ்வளவுதான். கணவர் விஸ்வநாத் காப்பியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். வங்கி வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறவர். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம்.

"இன்னைக்கு எந்த இடம், லதே?"

"வைட்டிலா பக்கத்துல ஏதோ ஒண்ணு. புதுசாம்."

"க்ஷீணமா இருக்குன்னா வரலைன்னு பறஞ்சுடேன். சனிக்கிழமை லீவு நாளாக்கும், கேட்டியா."

"கார் அனுப்பியாச்சு. அந்த மனுஷர் கீழ எறங்கி நின்னுண்டிருப்பார்."

"அவர் சாப்பிடறார், சரி. நீ என்ன சாப்பிடறே?"

அவள் எழுந்து புடவை கட்டிக்கொண்டாள்.

வைட்டிலா சந்திப்பைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைக் கடையாக மாற்றியிருந்தார்கள். நான்கே மேஜை. பாட்டு இல்லை. வாசலில் முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி கணக்கு மேஜையில் இருந்தாள். பெயர் லமியா. அவள் கணவன் ஷாபாஸ்தான் சமையல்காரன். நாற்பது வயதிருக்கும். ஸ்வர்ணலதா கைபேசியில் வீட்டாரிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"தமிழ் பேசறீங்களே, அக்கா மட்டாஞ்சேரியா?"

"ஆமா. அரண்மனைக்குப் பின்னாடி."

"நானும் அங்கதான். எங்க அத்தா நைனா முகம்மதுன்னு, பஜார்ல கொப்பரை யாவாரம். நீங்க பாத்திருப்பீங்க."

அவள் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினாள். பஹ்ரைனில் ஒரு ஜப்பானியர் நடத்திய உணவகத்தில் ஒன்பது வருஷம் இருந்ததாக ஷாபாஸ் சொன்னான். முதல் இரண்டு வருஷம் அரிசி கழுவ மட்டுமே விட்டாராம். சோறு சரியில்லை என்றால் பாத்திரத்தோடு கொட்டிவிடுவாராம். ஹிராயைப் பார்த்து முறைப்படி குனிந்து, சமையலறை ஜப்பானிய மொழியில் வரவேற்றான். ஹிராய் ஆச்சரியப்பட்டு எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்.

சாப்பாடு வந்தது. ஸ்வர்ணலதா சோற்றை விரலால் அழுத்தினாள். வாயில் போட்டாள். எட்டு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது சோறு. மறுபடி ஒரு வாய் எடுத்தாள், இந்தத் தடவை பசிக்காக.

ஹிராய் சூப்பைக் குடித்தார். மீனைச் சாப்பிட்டார். "நன்றாக இருக்கிறது, நன்றி" என்றார், மாலில் தவிர மற்ற இடங்களில் எல்லாம் சொன்ன அதே குரலில்.

ஷாபாஸ் மேஜைப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இவரு நல்லாருக்குன்னு சொல்றது மரியாதைக்கா, நெசமாவா? எங்க மொதலாளி ஒம்பது வருஷத்துல ஒரு தரம்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இங்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவங்கள்ல ஒருத்தரும் ஜப்பான்ல சாப்பிட்டதில்ல. எனக்குத் தெரியணும் அக்கா."

வேறொரு நாளாக இருந்தால் ஸ்வர்ணலதா அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெருகேற்றி, இரண்டு பக்கமும் மனம் நோகாதபடி பூசி மெழுகியிருப்பாள். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதே அதற்குத்தான். அன்று அவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. அவன் கேட்டதை அப்படியே, ஒரு சொல்லும் விடாமல், ஹிராயிடம் சொன்னாள்.

ஹிராய் குச்சிகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"எனக்குத் தெரியவில்லை, லதா சான்."

"புரியவில்லை."

"எனக்கு ருசி தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. வாசனை போய்விட்டது. ருசியும் அதோடு போயிற்று. உப்பு கொஞ்சம் தெரியும். புளிப்பு கொஞ்சம். மற்றதெல்லாம் அட்டையைக் கடிப்பது மாதிரி. என் மனைவிக்குத் தெரியும். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. சூப் இயந்திரம் செய்கிற இடத்தில் இதை எப்படிச் சொல்வது?"

ஸ்வர்ணலதா அவரையே பார்த்தாள். எட்டு சனிக்கிழமை. மழை, ஹெல்மெட் கடை, எள் தூவிய நூடுல்ஸ், முதுகு வலி. ஷாபாஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவரிடம் சொல்ல வேண்டாம் என்றால் நான் சொல்லவில்லை" என்றாள்.

"சொல்லுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி."

அவள் சொன்னாள். ஷாபாஸ் கேட்டுக்கொண்டான். லமியா கணக்கு மேஜையிலிருந்து எழுந்து வந்து, "பாவம்" என்று மெதுவாகச் சொன்னாள். ஷாபாஸ் ஹிராயின் முன்னாலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றே ஸ்வர்ணலதா நினைத்தாள்.

கால் மணி நேரம் கழித்து அவன் வேறு தட்டுகளோடு வந்தான். வெண்டைக்காயும் தாமரைத்தண்டும் மெல்லிய மாவில் பொரித்தது, கடித்தால் நொறுங்கும்படி. ஐஸில் வைத்த வெள்ளரித் துண்டு. ஆவி பறக்கிற சோயாக் கட்டி, தொட்டாலே ஆடுவது. சோற்றை உருட்டி, தணலில் வாட்டி, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் ஆக்கியது.

"நாக்கு போனா என்ன அக்கா, பல்லு இருக்குல்ல. சூடு, குளிரு, மொறுமொறுப்பு அதெல்லாம் தெரியுமான்னு கேளுங்க."

ஹிராய் சோற்று உருண்டையை எடுத்துக் கடித்தார். நொறுங்கும் சத்தம் எதிரே இருந்த ஸ்வர்ணலதாவுக்குக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சூடானதையும் குளிர்ந்ததையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, தட்டு காலியானதும் ஒரு விரலைத் தூக்கி இன்னும் ஒன்று என்று காட்டினார். ஷாபாஸ் சிரித்தான். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது.

திரும்பும்போது காரில் ஸ்வர்ணலதா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"முதல் வாரமே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்."

"எனக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓய்வு, ஹிராய் சான். அதில் ஒரு நாளை எட்டு வாரமாக உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்."

ஒரு ஜப்பான்காரரிடம் இருபத்தேழு வருஷத்தில் அவள் தனக்காகச் சொன்ன முதல் குறை அதுவாகத்தான் இருக்கும். மற்றக் குறைகளெல்லாம் பிறர் சொல்லி அவள் சொன்னவை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

"சொல்லியிருந்தால் சாப்பாடு நின்றுபோயிருக்கும்" என்றார் ஹிராய். "வாரம் முழுவதும் நான் என் மொழியில் பேசுவது இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான். சனிக்கிழமை மட்டும்தான் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேச முடிந்தது. அதற்காக உங்கள் ஓய்வை எடுத்துக்கொண்டேன். அது தவறு."

அவள் கோபம் போய்விடவில்லை. ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உடம்பில் சக்தி இல்லை.

"நான் எழுதின பட்டியல் எல்லாம் வீண்" என்றாள்.

"இல்லை. எனக்குச் சோற்றின் பதம் தெரியும். அது பல்லுக்கும் நாக்குக்கும் தொடுகையில் தெரிவது. நீங்கள் நல்லது என்று எழுதிய இடங்களில் சோறு நன்றாகத்தான் இருந்தது. அடித்த இடங்களில் மோசமாகத்தான் இருந்தது. இன்றைய சோறு எல்லாவற்றிலும் நல்லது. சரிதானே?"

"சரி."

"மீன் தின்னாத ஒருவர், ருசி தெரியாத ஒருவர்" என்று ஹிராய் விரலை மடக்கினார். ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

பட்டியலை அவள் திங்கட்கிழமை ஸ்நேஹாவிடம் கொடுத்தாள். ஷாபாஸின் கடை முதலில், பனம்பிள்ளி நகர் இரண்டாவது, அவள் தனியே பார்த்ததில் ஒன்று மூன்றாவது. ஹிராயின் ரகசியத்தை எழுதவில்லை. அது ஆபீசுக்குத் தேவையில்லை. ஸ்நேஹா தாளைப் புரட்டிவிட்டு, "சோறு, சோறுன்னு எல்லாத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, சேச்சி. சுஷின்னா மீனில்லையா?" என்றாள்.

"ஜப்பான்காரா பாக்கறது அப்படித்தான்" என்று சொல்லி ஸ்வர்ணலதா மேலே விளக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஹிராய் சனிக்கிழமைகளில் தானே ஆட்டோ பிடித்து வைட்டிலாவுக்குப் போய் வந்தார். ஷாபாஸுக்குச் சமையலறையில் கற்ற ஐம்பது அறுபது சொற்கள் தெரியும். ஹிராய் லமியாவிடம் பத்து மலையாளச் சொற்கள் கற்றுக்கொண்டார். அது போதுமாக இருந்தது. ஸ்வர்ணலதா மாதத்தில் ஒரு நாள், மனசிருந்தால், அவர்களோடு போய் உட்காருவாள். ஹிராயின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது. மார்ச் மாதம் அவர் ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு ஆபீஸ் காரில் ஷாபாஸும் கூடப் போய் வழியனுப்பினான். ஸ்வர்ணலதாவுக்கு அன்று மொழிபெயர்க்க வேண்டிய வரைபடங்கள் நிறைய இருந்ததால் ஆபீஸ் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டாள். இருவரும் பலமுறை குனிந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு கொரியக் கம்பெனி ஆபீசோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்நேஹா மறுபடியும் அவள் மேஜைக்கு வந்தாள்.

"சேச்சி, அன்னைக்குச் செஞ்ச அந்த லிஸ்ட் எல்லாருக்கும் ரொம்ப இஷ்டமாச்சு. அதே மாதிரி கொரியன் ரெஸ்டாரன்டுக்கும் ஒண்ணு வேணும். அவங்க மே மாசம் வர்றாங்க. ஒரு நாலஞ்சு சனிக்கிழமை போனா போறும்."

ஸ்வர்ணலதா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கொரிய மொழி தெரியாது என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"என்னால முடியாது, ஸ்நேஹா. சனிக்கிழமை நான் ஆத்துல இருக்கணும்."

ஸ்நேஹா, "சரி சேச்சி, வேற ஆளைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

அன்று மாலை ஸ்வர்ணலதா பஸ்ஸுக்கு நிற்காமல் வாட்டர் மெட்ரோப் படகில் சுற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. விஸ்வநாத் வாசல் கதவைத் திறந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள்.

"அவா என்ன பறஞ்சா?"

"ஒண்ணும் பறயலை. வேற ஆளைப் பாக்கறேன்னுட்டா."

"அவ்வளவேயுள்ளூ?"

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணலதா நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை லேசான காரியம் என்று முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று தோன்றிற்று. அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விஸ்வநாத் காப்பி கலக்க உள்ளே போனார். அவர் வருவதற்குள் அவள் கண் அசந்துவிட்டாள்.